ஸ்பிரிட் அடுப்புக்கு ஒரு எரிபொருள் பாட்டில்: ஒன்றரை வருஷம் பயன்படுத்திய பிறகு

ஸ்பிரிட் அடுப்புக்கான எரிபொருளை, அதாவது எரியும் ஆல்கஹாலை, எடுத்துப் போக டிராங்கியா என்ற நிறுவனம் செய்யும் அரை லிட்டர் பாட்டிலைப் பற்றி எழுதுகிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் அரை லிட்டர் வேண்டாம், 0.3 லிட்டர் வாங்குங்கள். மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பாட்டிலை மட்டும் எழுதிவிட்டு அதற்குள் என்ன ஊற்றுகிறோம், எங்கே எடுத்துப் போகிறோம் என்பதை விட்டுவிட்டால் பாதி விஷயம் சொல்லாமல் போய்விடும்.

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். மாதத்துக்கு ஒரு சனி, ஞாயிறு சைக்கிளிலோ நடந்தோ எங்காவது போய் ராத்திரி தங்கிவிட்டு வருவேன். சாமியார்பேட்டையில் மீனவ நண்பர் வீட்டை ஒட்டிய மணல், பிச்சாவரம் பக்கம் தெரிந்தவர் தோப்பு, கல்வராயன் மலை அடிவாரத்தில் கல்லூரி நண்பனின் நிலம், பெரும்பாலும் இந்த மூன்று இடங்கள்தான். அடுப்பு, உள்ளங்கையில் அடங்கும் பித்தளை ஸ்பிரிட் பர்னர். பம்ப் கிடையாது, சத்தம் கிடையாது, கெட்டுப்போக ஒரு பாகமும் கிடையாது. காற்றுத்தடுப்பு சரியாக வைத்தால் 20, 25 மில்லி ஸ்பிரிட்டில் அரை லிட்டர் தண்ணீர் கொதித்துவிடும். ஒரே எடை மண்ணெண்ணெயில் கிடைக்கும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ஸ்பிரிட்டில் கிடைக்கும், அது உண்மை. இரண்டு நாள் பயணத்துக்கு அந்த வித்தியாசம் பையில் தெரியவே தெரியாது. நாலு நாளுக்கு மேல் போகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, இந்த பாட்டிலுக்கு நான் வந்து சேர்ந்த வழியைச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் ஸ்பிரிட்டைத் தண்ணீர் பாட்டிலில்தான் வைத்திருந்தேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். கடையில் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டில், லேபிளைக் கிழித்துவிட்டு மார்க்கரில் பெரிதாக 'ஸ்பிரிட்' என்று எழுதியிருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் மை கரைந்துவிடும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு தடவை ஊற்றி, விளிம்பில் வழிந்ததைக் கையால் துடைத்ததிலேயே எழுத்து போய்விட்டது, நான் கவனிக்கவில்லை. அன்றைக்கு சாமியார்பேட்டையில் அக்கா, மாமா, அவர்கள் மகள், நான், நாலு பேர். நன்றாக இருட்டிவிட்டது. பத்து வயதுப் பெண், மணலில் ஓடி ஆடிவிட்டு மூச்சு வாங்க வந்தவள், கைக்கு எட்டிய பாட்டிலைத் திறந்து வாயில் வைத்துவிட்டாள்.

நாக்கு எரிந்ததும் துப்பிவிட்டாள். விழுங்கவில்லை என்றுதான் சொன்னாள். வாயைக் கொப்பளிக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஸ்பிரிட்? மெத்தனால் கலந்ததா?" என்பது. எனக்குப் பதில் தெரியவில்லை. சில்லறையாக ஊற்றிக் கொடுத்த இடத்தில் வாங்கியது, லேபிளே கிடையாது. விடியும் வரை அவளைக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை, காலையில் இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மெத்தனால் என்றால் என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பம், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரம். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போய்விட்டார்கள், இரண்டு இடத்திலும் காரணம் சாராயத்தில் இருந்த மெத்தனால். தண்ணீரைப் போலவே நிறமில்லாத திரவம், வாசனையை வைத்து, மதுவிலும் நல்ல ஸ்பிரிட்டிலும் இருக்கும் சாதாரண எத்தனாலிலிருந்து பிரித்துச் சொல்லவும் முடியாது. உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது, 10 மில்லி அளவே பார்வையைப் பறிக்கப் போதும். இதில் மோசமான விஷயம், அறிகுறி உடனே தெரியாது. 12 மணி நேரம், ஒரு நாள்கூடத் தாமதமாகலாம். அதனால் யாராவது தவறிக் குடித்துவிட்டால் "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, பாட்டிலையும் லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் வேலை செய்யும்.

அதற்குப் பிறகு நான் எடுத்த முடிவு இரண்டு. எரிபொருள் எந்தக் காலத்திலும் தண்ணீர் பாட்டில் மாதிரி இருக்கும் எதற்குள்ளும் இருக்கக் கூடாது. அப்புறம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஸ்பிரிட்டை வாங்கவே கூடாது.

அடுத்து இணையத்தில் தேடி ஒரு அலுமினிய பாட்டில் வாங்கினேன். பெயர் வேண்டாம். சிவப்பு நிறம், பார்க்க நன்றாக இருந்தது, எடையும் குறைவு, விலையும் குறைவு. இரண்டாவது பயணத்திலேயே பைக்குள் கசிந்தது. அவல், நாட்டுச்சர்க்கரை, மாற்றுத்துணி எல்லாவற்றிலும் ஸ்பிரிட் வாசனை, அவலை அப்படியே குழி தோண்டிப் புதைத்துவிட்டு ராத்திரி பட்டினி. வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மூடியின் மரை இரண்டே சுற்று, அதுவும் கோணலாக வெட்டப்பட்டிருந்தது, வாஷர் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது. பாட்டில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மூடியும் வாஷரும் சரியில்லை என்றால் அது பாட்டிலே இல்லை. எரிபொருள் பாட்டிலுக்கு நாம் கொடுக்கும் காசு முக்கால்வாசி மூடிக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

வாஷரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடையில் மாற்று வாஷர் வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. கறுப்பு ரப்பர் எல்லாம் ஒரே ரப்பர் கிடையாது. நைட்ரைல் ரப்பர் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தாங்கும். ஈபிடிஎம் என்று ஒன்று இருக்கிறது, அது ஸ்பிரிட்டுக்கு அருமையாக இருக்கும், ஆனால் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ போட்டால் ஊறிப் பெருத்துவிடும். சிலிக்கோனும் பெட்ரோலில் ஊதும். பம்பு செட் கடையில் கிடைக்கும் அளவான ஒரு வாஷரை மாட்டிவிட்டு "பிடிக்குது" என்று போய்விடாதீர்கள், எந்த எண்ணெய்க்கு என்று கேட்டு வாங்குங்கள். கேட்டும் தெரியவில்லை என்றால், அதைச் சின்ன கண்ணாடிக் குப்பியில் உங்கள் எரிபொருளிலேயே இரண்டு நாள் ஊறவைத்து முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

இப்போது டிராங்கியா. ஸ்வீடன் நாட்டு நிறுவனம், 1925இல் தொடங்கியது, ஸ்பிரிட் அடுப்பு என்றால் உலகம் முழுக்க அவர்கள் பெயரைத்தான் சொல்வார்கள். எங்கள் சித்தி குடும்பம் புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்குப் போய்க் குடியேறியவர்கள், சித்தி மகன் பொங்கலுக்கு வந்தபோது பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தான். புது பாட்டில், காலி பாட்டில், அதனால் விமானத்தில் பிரச்சினை இல்லை. ஒரு தடவை எரிபொருள் ஊற்றிய பாட்டில் என்றால் கதை வேறு. வாசனை இருந்தாலே தடுத்துவிடுவார்கள், எரிபொருளோடு என்றால் பேச்சுக்கே இடமில்லை.

பாட்டில் கெட்டியான பாலிஎத்திலீன். 0.3, 0.5, 1 லிட்டர் என்று மூன்று அளவில் வருகிறது. என்னுடையது அரை லிட்டர், காலியாக நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர் பாட்டில் 25 கிராம்தானே என்று எடைக் கணக்குப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அந்த எடையெல்லாம் சுவரின் கனத்திலும் மூடியிலும் இருக்கிறது. மூடியின் நடுவில் ஒரு குமிழ். அதைக் கொஞ்சம் திருகித் தளர்த்தி, பாட்டிலைச் சாய்த்து, விரலால் அழுத்தினால்தான் ஸ்பிரிட் வரும். விரலை எடுத்த மறு நொடி ஸ்பிரிங் வால்வு மூடிக்கொள்ளும். ஊற்றிக்கொண்டிருக்கும்போது பாட்டில் கை தவறிக் கீழே விழுந்தால்கூடக் கொட்டாது. இதை வீட்டு முற்றத்தில் தண்ணீர் ஊற்றி வேண்டுமென்றே நாலைந்து தடவை கீழே போட்டுப் பார்த்தேன், தெறித்த சில துளிகளைத் தவிர ஒன்றும் வரவில்லை. வாயில் வைத்துச் சாய்த்தால் ஒன்றும் வராது என்பதுதான் எனக்கு முக்கியம். சின்னப் பிள்ளை திறந்து குடிக்க வேண்டுமென்றால் மூடியை முழுதாகக் கழற்ற வேண்டும், அது பெரியவர்கள் கைக்கே இறுக்கம்.

ஊற்றும் வேகம் அளவாக வருகிறது, பர்னரின் சின்ன வாய்க்குள் புனல் இல்லாமலே ஊற்றலாம். மெல்ல அழுத்தினால் நூல் மாதிரி விழும். எத்தனை மில்லி என்று தெரிந்துகொள்ள பாட்டிலில் வழி இல்லை, நான் காய்ச்சல் மருந்தோடு வரும் அளவு மூடியில் ஊற்றி அளந்துகொள்கிறேன். அந்த மூடியிலும் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன், மறுபடி மருந்துக்குப் போகாமல் இருக்க.

கசிவுச் சோதனை இப்படிச் செய்தேன். முதலில் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் தலைகீழாக ஒரு ராத்திரி. காலையில் தாள் காய்ந்தே இருந்தது. அப்புறம் 400 மில்லி ஸ்பிரிட் ஊற்றி, சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதிவைத்துவிட்டு, வெயில் படாத மாடிப்படி அடியில் பத்து நாள். அதுவும் அக்னி நட்சத்திர நாட்கள். எடை ஒரு கிராம்கூட இறங்கவில்லை. பெட்ரோல் ஊற்றி இந்தச் சோதனையை நான் செய்யவில்லை, நான் பெட்ரோல் பயன்படுத்துவதும் இல்லை.

வெயிலைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும், கடலூரில் இருந்துகொண்டு ஸ்வீடன் பாட்டிலுக்கு விமர்சனம் எழுதும்போது. ஸ்பிரிட் சூட்டில் விரியும். அரை லிட்டர் எத்தனால் 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 16 மில்லி கூடும். கழுத்து வரை நிரப்பியிருந்தால் அந்த 16 மில்லிக்கு இடம் எங்கே? அதோடு ஆவியின் அழுத்தமும் சேரும், 25 டிகிரியில் இருப்பதைப் போல 50 டிகிரியில் மூன்று மடங்குக்கு மேல். மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும், மே மாதம் மூடிய கார் டிக்கியில் வைத்தால் அதற்கு அதிக தூரம் இல்லை. அதனால் பாட்டிலில் பத்தில் ஒரு பங்காவது காலி இடம் விடுங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள், கீழே இன்ஜின் சூடு, மேலே வெயில். நான் சைக்கிளில் போகும்போது ஈரத் துணியைச் சுற்றிப் பையின் வெளிப்பக்கப் பாக்கெட்டில், நிழல் விழும் பக்கமாக, நிமிர்ந்த நிலையில் செருகுகிறேன். ஒரு மணி நேரம் வெயிலில் ஓடிய பிறகு திறக்கும்போது மூடியை முகத்துக்கு நேரே வைக்காமல் தள்ளிப் பிடித்து மெதுவாகத் தளர்த்தினால் "புஸ்" என்று காற்று போகும், அது போன பிறகு ஊற்றலாம். மலை ஏறுகிறவர்களுக்கும் இதேதான், உயரம் கூடக் கூட வெளிக் காற்றழுத்தம் குறையும், உள்ளே இருப்பது வெளியே தள்ளும்.

பாட்டிலுக்குள் என்ன ஊற்றுவது என்பதில் நான் இப்போது ரொம்பக் கறார். மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட், லேபிளில் எத்தில் ஆல்கஹால் என்று சதவீதத்தோடு போட்டிருப்பதை மட்டும், பில்லோடு. ஐசோபுரோப்பைல் என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், திறந்த பர்னரில் புகையும் கரியுமாக எரியும், பாத்திரம் தேய்த்தே கை ஓய்ந்துவிடும். நல்ல ஸ்பிரிட்டே கரி பிடிக்கிறது என்றால் நூறு மில்லிக்குப் பத்து மில்லி தண்ணீர் கலந்து பாருங்கள், குறையும். பெயிண்ட் கடையில் பாலிஷ் வேலைக்கு வரும் டினேச்சர்ட் ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி வேறு ரசாயனம் கலந்தது) மலிவு, ஆனால் தமிழ்நாட்டில் டினேச்சர்ட் ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் மூன்றுக்கும் 1959லிருந்தே தனி விதிகள் இருக்கின்றன, உரிமம் பார்த்துத்தான் விற்க வேண்டும். கடைக்காரர் தர மாட்டேன் என்றால் அவர் செய்வதுதான் சரி. அவரிடம் கெஞ்சி வாங்காதீர்கள்.

எடுத்துப் போவது. ரயிலில் கூடாது. முழு பாட்டில், அரை பாட்டில், "கொஞ்சம்தான் இருக்கு" எதுவும் கூடாது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164, மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை போடலாம். தண்டனைக்காக மட்டும் சொல்லவில்லை. 2023 ஆகஸ்ட் மாதம் மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் சமைக்க வைத்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள், பெட்டி நின்ற இடத்திலேயே. பேருந்திலும் எளிதில் தீப்பற்றும் பொருளுக்கு அனுமதி இல்லை. அறுபது பேர் இருக்கும் இடத்தில், இரண்டு கதவு உள்ள பெட்டிக்குள், என் காப்பிக்கான ஸ்பிரிட்டை வைத்துக்கொண்டு உட்கார எனக்கு மனம் வராது. அதனால் பேருந்தில் போனால் பாட்டில் காலியாகப் போகும், இறங்கும் ஊரில் மருந்துக்கடையைத் தேடி இரண்டு நாளைக்கு வேண்டியதை வாங்கி ஊற்றிக்கொள்வேன். சங்கராபுரம் போன்ற ஊரில்கூட இதுவரை கிடைக்காமல் போனதில்லை.

காலி பாட்டிலுக்கும் ஒரு வார்த்தை. ஒரு தடவை புதுச்சேரியிலிருந்து வேலை முடிந்து நேராகப் பயணம் கிளம்பி, ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். புதுச்சேரிச் சரக்கு எல்லை தாண்டுவதைப் பிடிக்கத்தான் அந்தச் சாவடி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பாட்டிலைத் திறந்தவர் மூக்கைச் சுளித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலிதான், ஆனால் ஸ்பிரிட் வாசனை போகவில்லை. அடுப்பை எடுத்துக் காட்டினேன், பாட்டிலில் ஒட்டியிருந்த தமிழ் லேபிளைக் காட்டினேன், பழைய மருந்துக்கடை பில் பர்ஸில் இருந்தது, அதையும் காட்டினேன். "இதுல டீ போடுவீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார். அன்றிலிருந்து பயணம் முடிந்து வந்ததும் பாட்டிலைத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, மூடியைத் திறந்தபடி ஒரு நாள் நிழலில் காயவைக்கிறேன். மிச்ச ஸ்பிரிட்டைச் சாக்கடையிலோ ஓடையிலோ ஊற்றுவதில்லை, பர்னரிலேயே எரித்து ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்துக்கொள்வேன். மாநில எல்லையை ஸ்பிரிட்டோடு தாண்டுவதில்லை என்பதும் இப்போது பழக்கம், போகும் பக்கத்திலேயே வாங்கிக்கொள்வது யாருக்கும் தொந்தரவு இல்லாதது.

காட்டுக்குள் இதெல்லாம் வேண்டாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது வனச் சட்டப்படியே குற்றம். 2018 மார்ச் மாதம் குரங்கணியில் 23 பேரைக் காட்டுத்தீ கொண்டுபோன பிறகு, டிரெக்கிங்குக்குத் தனி விதியே வந்துவிட்டது. வனத்துறை அனுமதியோடு போகும் பாதைகளில் கட்டுச்சோறு, பிளாஸ்க்கில் காப்பி, அவ்வளவுதான். நான் அடுப்பு பற்றவைப்பது சொந்தக்காரர் அனுமதி கொடுத்த நிலத்திலும், சருகு இல்லாத மணலிலும் மட்டும்.

லேபிள் என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மார்க்கர் அழிந்துபோன கதைக்குப் பிறகு, கணினி மையத்தில் வினைல் ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன். 'எரிபொருள். விஷம். குடிக்காதே.' கீழே மண்டை ஓடு படம், படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரிய வேண்டும். ஆனால் சாமியார்பேட்டையில் நடந்தது இருட்டில், இருட்டில் லேபிள் எதற்கு? அதனால் பாட்டில் கழுத்தில் தேங்காய்நார்க் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறேன். கை பட்டதும் சொரசொரவென்று தெரியும், நம் கூட்டத்தில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், கயிறு தட்டுப்பட்டால் தொடாதே என்று. அக்கா மகள்தான் இப்போது அடுப்புப் பொறுப்பு, அவளே மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

பாட்டில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பற்றவைத்த பிறகு அதைக் கையில் எடுத்தால் எல்லாம் வீண். எத்தனால் சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் அளவு ஆவி விடும், 17 டிகிரி போதும், நம் ஊரில் எந்த மாதத்தில் 17 டிகிரிக்குக் கீழே போகிறது? அதைவிடப் பெரிய ஆபத்து, பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. மணலில், நல்ல வெயிலில், அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றினால் தீ ஊற்றும் தாரையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலுக்கே வரும், உள்ளே இருக்கும் ஆவி பிடித்து எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் பீறிடும். அதனால் என் வீட்டுப் பழக்கம்: வேண்டிய அளவை முதலிலேயே ஊற்றுவது, பாட்டிலை இறுக்கி மூடி ஐந்தடி தள்ளி, காற்று வரும் பக்கமாக வைப்பது, கையில் பட்டதைத் துடைத்துக் காயவிட்டு அப்புறம் தீக்குச்சி. பாதியில் தீர்ந்துவிட்டதா, பர்னர் கையால் தொடும் அளவு ஆறும் வரை காத்திருங்கள், அதற்கு முன் ஒரு காய்ந்த புல்லைப் பக்கவாட்டிலிருந்து நீட்டிப் பாருங்கள், பற்றினால் தீ இன்னும் இருக்கிறது. காப்பி பத்து நிமிஷம் தாமதமாகட்டும்.

ஸ்பிரிட் கொட்டித் தீப்பிடித்தால் தண்ணீர் வேலை செய்யும், ஏனென்றால் ஸ்பிரிட் தண்ணீரோடு கலந்து நீர்த்துவிடும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ என்றால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மேலே மிதந்துகொண்டு பரவும். மணல் அள்ளிப் போடுவது எல்லாவற்றுக்கும் நல்லது.

பெட்ரோல் அடுப்பு வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்டது: இந்த பாட்டிலில் பெட்ரோலும் வைக்கலாமா? பெட்ரோல், மண்ணெண்ணெய்க்கும் ஏற்றது என்றுதான் நிறுவனம் சொல்கிறது. எடுத்துப் போகத்தான், பம்ப் மாட்ட அல்ல. பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றும் அடுப்புக்கு அந்த பம்புக்கென்றே செய்த அலுமினிய பாட்டில்தான் வேண்டும், வேறு எதையும் மாட்டாதீர்கள். பங்க்கில் பாட்டிலில் பெட்ரோல் தர மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் பாட்டிலில் வைத்தால் அடியில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து நிற்கலாம். பழைய அடுப்புகளின் ரப்பருக்கும் அது ஆகாது. பெட்ரோல் ஆவியோ மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும். ஸ்பிரிட்டோடு ஒப்பிட்டால் அது வேறு ரகம், புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்பிரிட்டிலேயே இருங்கள்.

அளவு விஷயம். இரண்டு பேர், இரண்டு நாள்: காப்பி நாலு தடவை, ரவை உப்புமாவோ நூடுல்ஸோ இரண்டு தடவை. தடவைக்கு 25 மில்லி வைத்தால் 150, காற்று அடித்தால் என்று ஒரு 50 சேர்த்தால் 200 மில்லி. 0.3 லிட்டர் பாட்டிலில் காலி இடமும் விட்டு இது தாராளமாக அடங்கும். அரை லிட்டரில் 200 மில்லி ஊற்றிக்கொண்டு போனால் பாதிக்கு மேல் வெற்றிடம், அதில் ஆவி நிற்கும், பையிலும் இடம் வீண். பெரிய பாட்டில் இருந்தால் நிரப்பத் தோன்றும் என்பதும் என் அனுபவம், வேண்டியதைவிடக் கூட எரிபொருளைச் சுமந்துகொண்டு போவதில் ஒரு நன்மையும் இல்லை. நாலு பேராகக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அரை லிட்டர் சரி. ஒரு லிட்டர் யாருக்கு என்று எனக்குப் புரியவில்லை, ஒருவேளை பனிப் பிரதேசத்தில் பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பவர்களுக்கு.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வது? ரசாயனப் பொருள் விற்கும் கடைகளில் எச்டிபிஇ என்ற கெட்டியான பாலிஎத்திலீன் பாட்டில் கிடைக்கும், அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கும். உள் மூடி, வெளி மூடி இரண்டும் உள்ளதாக, ஒளி புகாத வெள்ளையாக, 250 மில்லி அளவில் வாங்குங்கள். தண்ணீர் ஊற்றித் தலைகீழ்ச் சோதனை செய்யுங்கள், ஸ்டிக்கர் ஒட்டுங்கள், கயிறு கட்டுங்கள். ஸ்பிரிங் வால்வு இருக்காது, மற்ற எல்லாம் கிடைக்கும். ஜூஸ் பாட்டில், குளிர்பான பாட்டில், பழைய மினரல் வாட்டர் பாட்டில் எதுவும் வேண்டாம்.

கடைசியாகப் போனது கல்வராயன் அடிவாரம். நண்பன் நிலத்துக்குப் பக்கத்து வீட்டு ஆயா, நான் பர்னரில் ஊற்றும்போது வாசனை பிடித்து எழுந்து வந்தார். "என்னப்பா அது, சாராய நாத்தம் அடிக்குது?" என்று கேட்டவரின் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அந்த வாசனைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பைக் காட்டி, பாட்டிலில் மண்டை ஓடு படத்தைக் காட்டி, இது குடிக்கிறது இல்லை ஆயா, அடுப்பு எரிக்கிறது என்று சொன்னேன். பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கயிற்றைத் தடவிப் பார்த்தார், மூடியைத் திருகப் பார்த்து முடியாமல் என்னிடமே கொடுத்தார். "இப்படித்தான் வச்சிக்கணும்" என்றார். ராத்திரி படுக்கப் போவதற்கு முன் அதைக் கூடாரத்துக்கு வெளியே, பிள்ளைகள் கைக்கு எட்டாத முருங்கைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டேன்.

சித்தி மகன் அடுத்த பொங்கலுக்கு வருகிறான், 0.3 லிட்டர் இரண்டு சொல்லியிருக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று அக்கா வீட்டுக்கு.